காவலும் காப்பும்



தமிழிலே 'காவல்' என்னும் சொல் இருபொருள் தருவது. விளைந்த வயலைப் பன்றியும் மாடும் அழித்துவிடாதபடி பரண் கட்டி விழித்திருப்பதும் காவல். குற்றஞ் செய்தானென்று ஐயுறப்பட்டவனைக் கூட்டிலே அடைத்துப் பூட்டுவதும் காவல். முன்னையது காக்கப்படும் பொருளின் நன்மைக்காக. பின்னையது மற்றையோரின் நன்மைக்காக. குற்றம் எதுவுமே செய்யாத ஒருவர், சித்தம் கலங்கிய நிலையிலே நடுத்தெருவில் நின்று அரற்றுகிறார். அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு பாலத்தின் விளிம்பிலே நிற்கிறார். பொலிஸார் அவரைக் கைப்பற்றி அழைத்துச் செல்கின்றனர். இந்தக் காவல் மேற்சொன்ன இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது?

இவ்வினாவுக்கு ஆங்கில நாட்டுச் சட்டம் முந்நூறு ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன். பிற நாட்டுக் கதையாயிற்றே என்று எண்ணவேண்டியதில்லை. நமது நாட்டின் சட்டங்கள் பலவும் அங்கிருந்து கப்பலேறி வந்தவை. மூலத்தின் கதையை அறிந்தால் கிளையின் இயல்பு தானே விளங்கும்.

1714ஆம் ஆண்டில், ஆன் அரசியாரின் ஆட்சி முடியும் தறுவாயிலே, அலைந்து திரிவோரை அடக்குவதற்கென்று பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிச்சைக்காரர், வித்தைகாட்டுவோர், தொழிலின்றித் திரிவோர் முதலியோரை அடித்து ஊருக்கு அனுப்பும் கொடுமையான சட்டம் அது. எனினும் அச்சட்டத்தினுள்ளே ஒரு சிறு கருணையும் இருந்தது. சித்தம் கலங்கி, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடிய நிலையில் திரிவோரைச் சவுக்கால் அடிக்கலாகாது என்று அது விலக்களித்தது. சமாதான நீதவான்கள் இருவர் கூடி ஆணையிட்டால், அத்தகையவரைப் பிடித்துப் பத்திரமான ஓரிடத்திலே பூட்டிவைக்கலாம். வேண்டுமானால் சங்கிலியாலும் பிணைக்கலாம். பித்தம் தெளியும் வரைக்குமே இந்தத் தடுப்பு. 1744ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தி இயற்றப்பட்டபோது, அவரைக் குணப்படுத்துவதற்கு ஆகும் செலவும் அதில் இடம்பெற்றது.

இவ்விரு சட்டங்களிலும் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. நோயாளியைப் பிடிப்பது யார் என்று சட்டம் தெளிவாகச் சொல்லிற்று. ஆணையிடுவது யார் என்றும் சொல்லிற்று. ஆனால் அந்தப் 'பத்திரமான இடம்' எத்தன்மையதாக இருத்தல் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆணையிடும் நீதவான்கள் எதனைக் குறிக்கிறார்களோ அதுவே பத்திரமான இடம். அவர்கள் வசம் இருந்தவையோ சிறைச்சாலையும், திருத்தச்சாலையும், ஏழையரை வைத்து வேலை வாங்கும் விடுதியுமே. ஆகவே, அடிபடாமல் தப்பிய நோயாளர் அடைபடுவதிலிருந்து தப்பவில்லை. கையிலே அதிகாரம் இருந்தது. போய்ச் சேருமிடம் இருக்கவில்லை. அன்று தொடங்கிய இந்தக் குறையே பின்வந்த வரலாறு முழுவதையும் நிழல்போலத் தொடர்ந்தது.

அக்காலத்துக் காவலரும் இக்காலத்துப் பொலிஸார் போன்றவரல்லர். ஊரிலுள்ள வணிகரோ கைவினைஞரோ முறைவைத்து ஓராண்டுக்குச் சம்பளமின்றிப் பார்க்கும் பொறுப்பாகவே அது பல இடங்களில் இருந்தது. அண்டை வீட்டாரின் மகனைச் சங்கிலியிட்டு அழைத்துச் செல்லும் பணி அண்டை வீட்டாரிடமே இருந்ததென்றால், அதன் துயரத்தை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

பைத்தியசாலைகள் அக்காலத்திலே இல்லாமலில்லை. இலண்டனில் பெத்லம் என்னும் பழைய ஆஸ்பத்திரி இருந்தது. 1814ஆம் ஆண்டில் அங்கு சென்று பார்த்த எட்வேட் வேக்பீல்ட் முதலியோர், ஜேம்ஸ் நோரிஸ் என்னும் நோயாளி கழுத்திலும் உடலிலும் இரும்பு வளையங்கள் பூட்டப்பட்டு, ஒரு கம்பத்தோடு பல்லாண்டுகளாகப் பிணைக்கப்பட்டிருந்ததைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். நாடே நாணியது. அதற்கு முன்னரே, 1796இல், வில்லியம் டியூக் என்னும் குவேக்கர் சமயத்தவர் யோர்க் நகரிலே சங்கிலியில்லாத ஓர் இல்லத்தைத் திறந்து, அன்பும் ஒழுங்கும் வேலையும் நோயாளரை அமைதிப்படுத்த வல்லன என்று காட்டியிருந்தார். இவ்விரண்டு காட்சிகளையும் ஒருங்கே பார்த்த மக்களுக்கு எது வேண்டும் என்பது விளங்கலாயிற்று.

1807ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவொன்று, சித்தம் கலங்கிய ஏழைகள் எங்கே அடைபட்டிருக்கின்றனர் என்று விசாரித்தது. சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் அவர்கள் சிதறிக் கிடப்பதை அறிந்தது. அதன் பயனாக 1808ஆம் ஆண்டின் சட்டம் மாகாணந்தோறும் வைத்தியசாலை கட்டுவதற்கு அனுமதி கொடுத்தது. 1812இல் நொட்டிங்ஹாம் நகரிலே அவ்வாறான வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆயினும் அனுமதி வேறு, கட்டளை வேறன்றோ? பல மாகாணங்கள் செலவுக்கு அஞ்சி வாளாவிருந்தன. பின்னாளில் ஷாப்ட்ஸ்பரிப் பிரபு எனப் பெயர்பெற்ற ஆஷ்லிப் பிரபுவின் முயற்சியினாலே, 1845இல் இயற்றப்பட்ட சட்டந்தான் இதனைக் கட்டாயமாக்கியது.

இதற்கிடையில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. 1829ஆம் ஆண்டிலே சேர் ரொபேட் பீல் இலண்டன் மாநகருக்கென்று சம்பளம் பெறும் பொலிஸ் படையை நிறுவினார். சில பத்தாண்டுகளுள் நாடு முழுவதும் அத்தகைய படைகள் தோன்றின. வைத்தியர் உறங்குவார், நீதவான் உறங்குவார், ஏழையர் நிவாரண உத்தியோகத்தரும் உறங்குவார். இரவு முழுவதும் விழித்திருந்து வீதியில் நடப்பவர் பொலிஸ்காரர் ஒருவரே. ஆகையால், இரவிலே எவருக்கேனும் சித்தம் கலங்கினால் ஊர் கூப்பிடுவது அவரைத்தான். சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் அவருடைய வைத்திய அறிவன்று; அவருடைய விழிப்பே.

1890ஆம் ஆண்டின் சித்தக்கலக்கச் சட்டம் இந்த நிலைமையை எழுத்திலே பொறித்தது. நல்ல புத்தியுள்ளவர்களைச் சொத்தின் பொருட்டோ பகையின் பொருட்டோ பைத்தியக்காரரென்று அடைத்துவிடுகிறார்கள் என்னும் அச்சம் அக்காலத்து மக்களிடையே பரவியிருந்தது. அதனால், நீதவானின் ஆணையின்றி எவரையும் நெடுங்காலம் அடைத்துவைக்க முடியாதபடி அச்சட்டம் பல பூட்டுகளைப் போட்டது. ஆனால் நள்ளிரவிலே நீதவானை எங்கே தேடுவது? அதற்காக 20ஆம் பிரிவு ஒரு வழி வகுத்தது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ, அந்த நோயாளியின் நலனுக்காகவோ உடனே காப்பாற்றுவது அவசியமென்று கண்டால், கொன்ஸ்தாபிளோ நிவாரண உத்தியோகத்தரோ அவரை ஏழையர் விடுதிக்குக் கொண்டுசெல்லலாம். அங்கே மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். நோயாளியின் நலனுக்காக என்ற சொற்கள் சட்டத்தில் ஏறிவிட்டன. ஆகவே கருத்தளவிலே காவல் காப்பாக மாறத் தொடங்கிற்று. ஆனால் கொண்டுசேர்க்கும் இடமோ ஏழையர் விடுதி. ஊருக்கு ஊர் அது இருந்தது. இரவிலும் அதன் கதவு திறக்கும். அதுவே அதன் தகுதி. நோயுற்றவர் வறுமைக் குற்றவாளிகளின் வாசலால் நுழைந்தார்.

இருபதாம் நூற்றாண்டிலே மொழியும் மனமும் மாறின. 1930ஆம் ஆண்டின் சட்டம், நோயாளி தானே விரும்பி வந்து வைத்தியம் பெறும் உரிமையை விரிவாக்கியதோடு, இழிவாகக் கருதப்பட்ட பழைய பெயர்களையும் நீக்கியது. 1948இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. 1954இல் பேர்சிப் பிரபுவின் தலைமையிலே நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1957இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மனநோயும் மற்றைய நோய்களைப் போன்றதே; அதற்கு நீதிமன்றத்தைவிட வைத்தியசாலையே தக்க இடம் என்பது அதன் சாரம். அதன் அடிப்படையில் 1959ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எழுந்தது. நாம் பேசும் பொருளுக்கு உயிர்நிலையான 136ஆம் பிரிவு அந்தச் சட்டத்திலேதான் முதலில் இடம்பெற்றது.

அப்பிரிவு அன்று கூறியது இது. பொதுமக்கள் செல்லக்கூடிய ஓரிடத்திலே, மனநோயுற்றவராகத் தோன்றும் ஒருவரை ஒரு கொன்ஸ்தாபிள் காண்கிறார். உடனடியாக அவருக்குப் பராமரிப்போ கட்டுப்பாடோ தேவைப்படுகின்றது. அவருடைய நலனுக்காகவோ பிறருடைய பாதுகாப்புக்காகவோ அவசியமென்று கருதினால், அவரைப் 'பாதுகாப்பிடம்' ஒன்றுக்குக் கொண்டுசெல்லலாம். வைத்தியர் ஒருவர் பரிசோதிப்பதற்கும், மனநோயாளர் நலன்காக்கும் உத்தியோகத்தர் ஒருவர் பேசிப் பார்ப்பதற்கும் 72 மணித்தியாலம் வரை அங்கு வைத்திருக்கலாம் என்று அன்று விதிக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்று நாட்களும் இந்த 72 மணித்தியாலமும் ஒரே அளவின என்பதை நேயர்கள் கணக்கிட்டிருப்பீர்கள். இந்த அதிகாரம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே செல்லாது. வீட்டினுள் இருக்கும் ஒருவரைக் கொண்டுசெல்ல வேண்டுமானால் நீதவானின் பிடியாணை வேண்டும். தனிமனித சுதந்திரத்துக்கு அந்நாடு வைத்த எல்லைக்கல் அது.

பாதுகாப்பிடம் எது என்பதற்குச் சட்டம் ஒரு நிரலையும் தந்தது. ஆஸ்பத்திரி, உள்ளூராட்சி நடத்தும் இல்லம், மனநோயாளர் பராமரிப்பு மனை, ஏற்றுக்கொள்ள விரும்பும் தக்க இடம் வேறெதுவாயினும். இவற்றோடு பொலிஸ் நிலையமும் அந்த நிரலிலே சேர்க்கப்பட்டது. வேறு வழியில்லாத வேளைக்கு ஒரு வழி என்று கருதியே அது சேர்க்கப்பட்டது போலும். ஆனால், திறந்தே இருக்கும் கதவை நோக்கித்தான் எல்லா வழிகளும் திரும்பும். விதிவிலக்கு வழக்கமாயிற்று. 1983ஆம் ஆண்டில் மனநலச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டபோதும் 136 என்ற இலக்கமும் பொலிஸ் நிலையமும் அப்படியே நிலைத்தன.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 150,000 பேர் மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்தனர். 1961இல் சுகாதார அமைச்சராயிருந்த ஈனொக் பவல், பதினைந்து ஆண்டுகளுள் அந்தப் படுக்கைகளிற் பாதியைக் குறைத்துவிட வேண்டும் என்று அறிவித்தார். மதிலுக்குள் ஆயுளைக் கழித்தவர்கள் ஊருக்குள் வந்து மக்களோடு வாழ வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்ததே. பெரிய ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால், ஊரிலே அவர்களுக்கு ஆதரவாயிருக்க வேண்டிய நிலையங்கள் அதே வேகத்தில் எழவில்லை. எழுந்தவையும் மாலை ஐந்து மணியோடு மூடிக்கொண்டன. நோய் கடிகாரம் பார்த்து வருவதில்லையே. மறுபடியும் இரவின் பொறுப்பு பொலிஸ்காரரின் தலையிலே விழுந்தது.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரப்படும் நோயாளிக்கு நேர்வது என்ன? அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. எனினும் குற்றவாளிக்குரிய சடங்குகளே அவருக்கும் நடைபெறும். பெயர் பதியப்படும், உடல் சோதிக்கப்படும், இடுப்புவாரும் சப்பாத்துக் கயிறும் கழற்றப்படும், இரும்புக் கதவு சாத்தப்படும். ஏற்கெனவே எல்லோரும் தன்னைத் தண்டிக்கக் காத்திருக்கிறார்கள் என்ற மாயையிலே துன்புறுபவருக்கு, அந்த மாயை மெய்யாகிவிட்டது போலத் தோன்றாதா? பொலிஸாரை மட்டும் குறைகூறுவதும் நீதியன்று. படுக்கை இல்லை என்றோ, மது அருந்தியிருக்கிறார் என்றோ, முரடராயிருக்கிறார் என்றோ ஆஸ்பத்திரி மறுத்துவிடுமானால், நடுநிசியில் ஒரு கொன்ஸ்தாபிள் அந்த மனிதரை எங்கே கொண்டுபோவார்?

பொலிஸார் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன ஆணைக்குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியது. 2005ஆம் ஆண்டுக்கும் 2006ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஓராண்டிலே, இப்பிரிவின்படி பொலிஸ் கூடுகளில் வைக்கப்பட்டோர் ஏறக்குறைய 11,500 பேர்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் ஏறக்குறைய 5,900 பேர். அதாவது மூவரில் இருவர் கூட்டுக்கே சென்றனர். கறுப்பினத்தவர் இவ்வாறு பிடிபடும் வீதம் வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதும் அதே ஆய்விலே தெரியவந்தது.

எண்கள் கூறாததை ஒரு வழக்கு கூறியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, பேர்மிங்ஹாம் நகரில் ஒருவர் 136ஆம் பிரிவின்படி பொலிஸ் கூட்டிலே வைக்கப்பட்டார். கடுமையான மனநோய் என்றும், ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டியவர் என்றும் வைத்தியர்கள் கண்டனர். ஆனால் அவரை ஏற்கும் இடம் ஆயத்தமாகவில்லை. 72 மணித்தியாலமும் கடந்தது. அதற்குள் அவருடைய நிலை, மனித கௌரவத்துக்கு ஒவ்வாத அளவுக்குச் சீர்குலைந்துவிட்டது. அவரைக் காத்துநின்ற பொலிஸார் கவலையோடு மீண்டும் மீண்டும் வைத்தியரை அழைத்தனர். ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 மே 3ஆம் திகதி தீர்ப்பளித்தது. அவரை இழிவுபடுத்தும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை என்பதை நீதிபதிகள் ஏற்றனர். ஆயினும், எவரும் எண்ணாமலே நிகழ்ந்த இழிவும் இழிவே என்று கூறி, மனித உரிமைச் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்த்தனர்.

நேயர்களே, இத்தீர்ப்பின் நுட்பத்தைச் சிந்தித்துப் பாருங்கள். தீயவர் ஒருவரும் இல்லாமலே ஒரு தீமை நடந்தேறியிருக்கின்றது. கடமையிலே தவறிய கொன்ஸ்தாபிளைத் தண்டித்துத் தீர்க்கக்கூடிய காரியமாயின் எளிது. சென்றடைய வேண்டிய இடம் இல்லாமற்போனதால் விளைந்த தீமைக்கு, இடம் அமைப்பதைத் தவிர வேறு பரிகாரமில்லை.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 2013இல் பொலிஸ் பரிசோதகர்களும் சுகாதாரப் பரிசோதகர்களும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, ஓராண்டில் இன்னும் 9,000க்கு மேற்பட்டோர் கூடுகளில் வைக்கப்படுவதையும், அவர்களிற் பலர் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்தவர்கள் என்பதையும் எடுத்துக்காட்டியது. அதே ஆண்டிலே, மனநோய் பராமரிப்பில் பயின்ற தாதியர் பொலிஸாரோடு ஒரே வாகனத்திலே சென்று, அந்தந்த இடத்திலேயே நோயாளியோடு பேசிப்பார்க்கும் முறை சில பகுதிகளில் பரீட்சிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் புதிய சட்ட விதிகள் நடைமுறைக்கு வந்தன. 18 வயதுக்குக் குறைந்தோரைப் பொலிஸ் நிலையத்தில் வைப்பது முற்றாகத் தடுக்கப்பட்டது. வளர்ந்தோரையும் மிக அரிதான நிலைமையிலன்றி வைக்கலாகாது என்றாயிற்று. 72 மணித்தியாலம் 24 ஆகக் குறைந்தது. கைப்பற்றுவதற்கு முன், இயலுமாயின், வைத்தியர் அல்லது தாதி போன்ற ஒருவரிடம் ஆலோசிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

பயன் கண்கூடாயிற்று. 2020 மார்ச்சில் முடிந்த ஓராண்டிலே 30,000க்கு மேற்பட்டோர் இப்பிரிவின்படி கைப்பற்றப்பட்டனர். அவர்களுள் பொலிஸ் கூட்டுக்குச் சென்றோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பதினைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் சிறிதன்று. 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த மனநலச் சட்டமூலம், பொலிஸ் நிலையத்தைப் பாதுகாப்பிடங்களின் நிரலிலிருந்து அடியோடு நீக்குவதற்கும் முன்வந்தது.

அப்படியாயின் கதை இனிதே முடிந்ததா? இல்லை. கூட்டுக் கதவு மூடப்பட்டதும், காத்திருப்பு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. நோயாளியின் அருகே பொலிஸார் இருவர் பல மணித்தியாலம் அமர்ந்திருக்கும் காட்சி வழக்கமாயிற்று. 2023 மே மாதத்திலே இலண்டன் மாநகரப் பொலிஸ் ஆணையாளர் சேர் மார்க் ரௌலி, உயிராபத்து இல்லாத மனநல அழைப்புகளுக்குத் தமது படையினர் செல்லமாட்டார்கள் என்று அறிவித்தார். அதே ஆண்டில் அரசாங்கமும் பொலிஸாரும் சுகாதார சேவையினரும், தக்க பராமரிப்பைத் தக்கவரே அளிக்க வேண்டும் என்ற உடன்பாட்டுக்கு வந்தனர். பொலிஸார் விலகிக்கொள்வது முறையே என்றனர் சிலர். அவர்கள் விட்ட இடத்துக்கு எவரும் வராவிட்டால் நோயாளியின் கதி என்னவாகும் என்று அஞ்சினர் வேறு சிலர். இரு சாராரின் சொல்லிலும் உண்மை உண்டு.

நமது நாட்டுக்கும் இந்த வரலாற்றோடு தொடர்புண்டு. ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1873ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாக, சித்தக்கலக்கம் பற்றிய சட்டம் இங்கும் பிறந்தது. மாவட்ட நீதிமன்றத்தின் விசாரணையை நடுநாயகமாகக் கொண்டது அது. பின்னாளில் மனநோய்கள் கட்டளைச்சட்டம் என்று பெயர் மாறிய பின்னும், நூறாண்டுகளுக்கு மேலாக அது நிலைத்தது. நோயாளியை வைத்தியர் காண்பதற்கு முன் நீதிமன்றம் காணும் வழக்கத்துக்கு வேர் எங்கேயிருக்கிறதென்று, இதுவரை கேட்ட வரலாறு உங்களுக்கு உணர்த்தியிருக்கும்.

முந்நூறு ஆண்டுக் கதையைத் தொகுத்துப் பார்த்தால் தெளிவது ஒன்றே. கைப்பற்றும் அதிகாரத்தை எழுதுவது எந்த அரசாங்கத்துக்கும் எளிது. சில வரிகள் போதும். கைப்பற்றியவரை ஏற்றுக்கொள்ள, விளக்கெரியும் ஓர் அறையும், விழித்திருக்கும் ஒரு தாதியும், ஒரு வைத்தியரும் வேண்டுமென்றால், அதற்குப் பணம் வேண்டும். ஆண்டு தவறாத அக்கறையும் வேண்டும். அவை இல்லாத ஊரிலே, சட்டம் எத்துணை அன்பாக எழுதப்பட்டிருந்தாலும், காவல் கூட்டிலேதான் முடியும். அவை உள்ள ஊரிலே பொலிஸ்காரரின் கையும் வழிகாட்டும் கையாக மாறும். நமது பிரதேசத்தின் ஆஸ்பத்திரியிலே இரவு வேளையில் அத்தகைய அறை உண்டா என்று கேட்டறிவது, பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நேயர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பணியாகும்.